சவுக்குக் கட்டைக்குள் குடியிருந்த கடவுள்: பாலினீசிய மரச்சிற்பங்கள் பற்றிப் பேசலாம்

கடற்காகம் (லண்டன்):

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாக மனதில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பசிபிக் தொகுப்பில் ஒரு பொருள் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பெரிய பாயைச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். நீளம் கிட்டத்தட்ட 4 மீட்டர். ஒரு முனையில் மட்டும் மரத்தில் செதுக்கிய தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பெரிய கண், தடித்த உதடு. அந்தத் தலைக்குக் கீழே சின்னச் சின்ன உருவங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக. மீதியெல்லாம் மரவுரிச் சுருள், அதாவது மரப்பட்டையை அடித்துச் செய்த துணி. பசிபிக் கடலில் ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு மூன்றுக்கும் இடையே பரந்து கிடக்கும் பாலினீசியாவில், குக் தீவுகளைச் சேர்ந்த ரரோட்டோங்காவிலிருந்து வந்தது. இதைப் போன்ற கோல்களின் வெட்டிய தலைப்பகுதிகள் பல அருங்காட்சியகங்களில் உண்டு. மரவுரிச் சுருளோடு முழுதாகத் தப்பியது இது ஒன்றுதான்.

இது எப்படி வந்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கதை. 1827இல் லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ஜான் வில்லியம்ஸ் ரரோட்டோங்கா போகிறார். ஊர் மக்கள் தங்கள் கடவுளரைச் சுமந்து வந்து அவர் முன்னால் போடுகிறார்கள். மொத்தம் 14 கோல்கள், அதில் சிறியதே 5 கஜ நீளம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். சிலவற்றை அங்கேயே பிய்த்துப் போட்டார்கள். சிலவற்றைப் புதிதாகக் கட்டப்போகும் தேவாலயத்தின் கூரைக்கு அலங்காரமாக ஒதுக்கினார்கள். ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? நடுவில் மரம். மரத்தை ஒட்டி, மரவுரிக்கு அடியில், சிவப்பு இறகுகளும் மெருகேற்றிய முத்துச்சிப்பித் துண்டுகள் கோத்த சரமும். இதுதான் கடவுளின் 'மனாவா', அதாவது உயிர் என்று அந்த ஊர்க்காரர்கள் வில்லியம்ஸிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். கப்பல் இங்கிலாந்து வந்ததும் சுங்க அதிகாரிகள், இதற்குள் ஏதாவது கடத்திக்கொண்டு வருகிறார்களோ என்று சந்தேகப்பட்டு அவிழ்த்துப் பார்த்துவிட்டு, அவர்களுக்குத் தெரிந்தபடி திரும்பச் சுற்றி வைத்தார்கள். முன்பு இருந்த அழகு இதற்குப் போய்விட்டது என்று வில்லியம்ஸே குறைப்பட்டுக்கொள்கிறார். யாரும் பார்க்கக்கூடாது என்று சுற்றி வைத்த கடவுளின் உயிரை வரி வசூலிப்பவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அந்தச் சுருளின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் வருகிறது.

நான் கேட்க வந்தது இதுதான். பாலினீசியச் சிற்பம் என்று நாம் இன்று புத்தகங்களில் பார்ப்பது, மூடியிருந்ததை எல்லாம் கழற்றிய பிறகு மிஞ்சிய கட்டையைத்தானே? அதைப் பார்த்துச் 'சிற்பம்' என்று பேசுவது சரியா?

உளிச்சத்தம்:

அண்ணா, அருமையான இழை. நான் சிற்பம் படித்தவன் இல்லை. தச்சு வேலைக் குடும்பம், கும்பகோணம் பக்கம். எனக்கு ஒரே கேள்வி. அந்த நடு மரம் என்ன மரம்?

4 மீட்டர் நீளத்துக்கு நேராக ஓடுகிற மரம், அதன் தலையில் விரல் அளவு உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள் என்றால், நார் ஒழுங்காக ஓடும் மரமாக இருக்க வேண்டும். மென்மையான மரமாக இருந்தால் அந்தச் சின்ன உருவங்களின் விளிம்பு இத்தனை வருஷம் நின்றிருக்காது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், விளிம்பு இன்னும் கூராகவே தெரிகிறது.

கடற்காகம் (லண்டன்):

தம்பி, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. தலைப்பைப் பாருங்கள். சவுக்கு!

அங்கே அதன் பெயர் 'தோவா'. நம் கடற்கரை ஓரங்களில் தோப்புத் தோப்பாக நிற்கிறதே, கட்டடச் சாரத்துக்கும் பந்தலுக்கும் வெட்டுகிறார்களே, அதே சவுக்கு இனம்தான். பாலினீசிய மொழிகள் பலவற்றில் தோவா என்றால் போர்வீரன் என்றும் பொருள். ஈட்டியும் தண்டாயுதமும் அதில்தான் செய்தார்கள். கடவுளின் முதுகெலும்புக்கும் அதே மரத்தை எடுத்திருக்கிறார்கள்.

உளிச்சத்தம்:

சவுக்கா! அண்ணா, இதை எங்கள் அப்பாவிடம் சொன்னேன், நம்பவே இல்லை.

சவுக்கு பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காய்ந்த சவுக்கில் ஆணி இறங்காது, வளைந்துகொள்ளும். இழைப்புளி ஓட்டினால் வழுக்கும். வெயிலில் போட்டால் நீளவாக்கில் வெடிக்கும், கூடவே முறுக்கும். அதனால்தான் எங்கள் பட்டறையில் அதைச் சாமான் செய்யவே எடுப்பதில்லை, கம்பாக நட்டு வைப்பதோடு சரி. அதில் கண்ணும் மூக்கும் வைத்துச் செதுக்குவது என்றால் எனக்குப் புரியவில்லை. அதுவும் இரும்பு வருவதற்கு முன்னால்?

கடற்காகம் (லண்டன்):

கல் வாய்ச்சிதான். எரிமலைப் பாறையைத் தட்டித் தீட்டி, வளைந்த மரப்பிடியில் தென்னை நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. நுண்வேலைக்குச் சுறாப் பல். வழவழப்பாக்கப் பவளத் துண்டும் திருக்கைத் தோலும். ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகு இரும்பு ஆணியை வாங்கி உளியாக்கிக்கொண்டார்கள்.

அந்த வாய்ச்சிக்கும் சடங்கு உண்டு. குக் தீவுகளின் மங்காயா தீவில் வாய்ச்சியே புனிதப் பொருளாகிவிட்டது. பிடி முழுக்க நுணுக்கமாகக் குடைந்து, கயிற்றுக்கட்டை அடுக்கடுக்காகப் பின்னி, வெட்டவே முடியாத அளவுக்கு அலங்கரித்து வைத்தார்கள்.

வெண்பா:

கடற்காகம் அண்ணா, உளிச்சத்தம் அண்ணா, இருவருக்கும் நன்றி. நான் சென்னையில் சிற்பம் படிக்கிறேன். அண்ணாவின் முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், சிற்பம் என்று பேசலாம். பேசத்தான் வேண்டும்.

எங்கள் வகுப்பில் காட்டிய, ரூருத்துத் தீவின் 'ஆஆ' என்ற தெய்வ உருவத்தை நினைத்துச் சொல்கிறேன். 1.17 மீட்டர் உயரம். ஒரு மனித உருவம், அதன் உடம்பெங்கும் 30 சின்ன உருவங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டவில்லை, அதே மரத்திலிருந்து எழும்பி நிற்கின்றன. முகத்தை உற்றுப் பார்த்தால் கண்ணே ஓர் ஆள், மூக்கு ஓர் ஆள், வாய் ஓர் ஆள், காதும் ஆட்கள். மனிதர்களை வைத்து ஒரு முகத்தைக் கட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் பெரும் கலைஞர்கள் பிக்காசோவும் ஹென்றி மூரும் இதன் வார்ப்பைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்த ஊர்ச் சடங்கு தெரியாது. ஆனாலும் அந்த வடிவம் அவர்களைப் பிடித்து நிறுத்தியது. அந்தச் சக்தி மரவுரியிலிருந்து வரவில்லையே, செதுக்கியவரின் கையிலிருந்துதானே வந்தது?

பழைய ஏடு:

வெண்பா, உன் உற்சாகம் எனக்குப் பிடித்திருக்கிறது அம்மா. ஆனால் ஆஆவின் முதுகைப் பார்த்தாயா?

நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். பசிபிக் வரலாறு என் தனி ஆசை. ஆஆவைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ரூருத்து ஆஸ்திரல் தீவுகளில் ஒன்று. தஹீத்திக்குத் தெற்கே இருக்கும் சின்னத் தீவு. 1820 வாக்கில் அங்கே கொள்ளைநோய். செத்தவர் போக மிஞ்சியவர்களில் ஆவூரா என்ற தலைவர் தன் ஆட்களோடு படகேறி, சாவிலிருந்து தப்பினால் போதும் என்று கடலில் இறங்கிவிட்டார். நாள்கணக்கில் அலைந்து கடைசியில் ராயத்தேயா தீவை அடைகிறார்கள். அங்கே ஏற்கெனவே கிறிஸ்தவம் வந்துவிட்டது. ஆவூரா எழுத்துப் படிக்கிறார், புது மதத்தை ஏற்கிறார், உள்ளூர் உபதேசியார் இருவரை அழைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். 1821 ஆகஸ்டில் ரூருத்துவின் தெய்வங்களை ஏற்றிக்கொண்டு படகு ராயத்தேயா திரும்புகிறது. அதில் ஒன்று ஆஆ.

ராயத்தேயா தேவாலயத்தில் எல்லோர் முன்னாலும் அதை நிறுத்திக் காட்டினார்கள். அப்போதுதான் முதுகில் ஒரு மூடி இருப்பதைப் பார்க்கிறார்கள். முதுகு முழுக்கக் குடைந்த பேழை! மூடியைக் கழற்றினால் உள்ளே 24 சின்னத் தெய்வங்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினார்கள். அந்த 24இல் ஒன்றுகூட இன்று இல்லை. நீ பார்ப்பது காலிப் பேழை.

உள்ளே குடைந்திருக்கும் விதத்தைப் பார்த்து, முதலில் அது மூதாதை ஒருவரின் மண்டையோட்டையும் கை கால் எலும்புகளையும் வைக்கச் செய்த பேழையாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாகவே தோன்றுகிறது. வெளியே சந்ததி முளைக்கிறது, உள்ளே மூதாதை இருக்கிறார்.

உளிச்சத்தம் தம்பிக்கு ஒரு செய்தி. ஆஆ என்ன மரம் என்று வெகுநாள் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2016ஐ ஒட்டி நடந்த ஆய்வில் அது சந்தனம் என்று தெரிந்தது. கரிமக் காலக்கணிப்பு செய்து பார்த்ததில் 16ஆம் நூற்றாண்டிலோ 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலோ வெட்டிய மரம் என்று வந்தது. பாதிரியார்கள் கைக்கு வரும்போதே அதற்கு 170 வயதுக்குக் குறையாது.

உளிச்சத்தம்:

ஐயா, ஒன்றேகால் மீட்டர் உயரத்துக்கு, முதுகைக் குடைந்து பேழையாக்கும் பருமனில் சந்தனமா! எங்கள் கடையில் சந்தனம் என்றால் கிராம் கணக்கில் பேச்சு.

பழைய ஏடு:

பசிபிக்கிலும் பின்னால் அந்தக் கதிதான் தம்பி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனச் சந்தைக்காக ஃபிஜி, மார்க்கேசஸ், ஹவாய் என்று ஒவ்வொரு தீவாகச் சந்தனத்தை வெட்டி ஏற்றினார்கள். ஹவாயில் மக்களை வயலை விட்டுவிட்டு மலைக்கு அனுப்பிச் சந்தனம் சுமக்க வைத்தார்கள் தலைவர்கள், கப்பலும் துப்பாக்கியும் வாங்கிய கடனை அடைக்க.

மின்னல்கொடி:

படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. ஒரு மக்களின் 24 தெய்வங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டியிருக்கிறார்கள், ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்னொரு பாலினீசியத் தீவான மங்கரேவாவில் 1830களில் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் லவாலும் காரேயும் அங்கிருந்த மர உருவங்களைக் குவித்து எரித்தார்கள். மங்கரேவா உருவங்கள் உலகத்தில் இன்று விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மிஞ்சியதும் 'பாருங்கள், இதைத்தான் இவர்கள் கும்பிட்டார்கள்' என்று ஐரோப்பாவில் காட்டி நன்கொடை வசூலிக்க வைத்துக்கொண்டதுதான். இதைக் கலை, வடிவம் என்று பேசுவதற்கு முன்னால் இந்தக் குற்றத்தைப் பேச வேண்டாமா?

கடற்காகம் (லண்டன்):

பேச வேண்டும் மின்னல்கொடி. வசூல் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. லண்டனில் அந்த மிஷனரி சங்கம் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் நடத்தியது. ஆஆவும் அந்தச் சுருளும் அங்கேதான் இருந்தன. 1890இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கடனாகப் போய், 1911இல் விலைக்குப் போயின. ரரோட்டோங்கா கோல்களின் கீழ்முனையில் ஆண்குறி வடிவம் இருக்கும். கிடைத்தவற்றில் பெரும்பாலும் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆஆவுக்கும் அது இல்லை.

ஆனால் ஒன்று. எல்லாவற்றையும் பாதிரியார் செய்தார் என்று சொன்னால் அந்தத் தீவு மக்களைப் பொம்மையாக்கிவிடுவோம். ஹவாயைப் பாருங்கள். 1819 மே மாதம் முதலாம் கமேஹமேஹா இறக்கிறார். சில மாதங்களில் அவர் மகன் லிஹோலிஹோ, அரசி கஅஹுமானு, தன் தாய் கெஓபுஓலானி ஆகியோரோடு சேர்ந்து பழைய விலக்குகளை முறிக்கிறார். எப்படி? பெண்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு. அதுவரை ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்பது மரண தண்டனைக்குரிய குற்றம். சாப்பிட்ட கையோடு கோயில்களை இடிக்கவும் உருவங்களை எரிக்கவும் உத்தரவு போகிறது. முதல் மிஷனரிக் கப்பல் வந்தது 1820இல்! பாதிரியார் கால் வைக்கும் முன்பே முடிந்துவிட்டது. எதிர்த்தவர்களும் இருந்தார்கள். கெகுஅஓகலானி என்ற தலைவர் பழைய கடவுளருக்காக 1819 டிசம்பரில் குஅமோஒவில் போரிட்டு உயிரை விட்டார்.

தஹீத்தியில் இரண்டாம் பொமரே 1816இல் தன் குலதெய்வ உருவங்களைத் தானாகவே பாதிரியார்களிடம் கொடுத்து, எரித்தாலும் சரி, உங்கள் ஊருக்கு அனுப்பினாலும் சரி என்றார். தோங்காவில் தலைவர் தௌஃபாஆஹவ் பெண் தெய்வ உருவங்களைக் கழுத்தில் கயிறு மாட்டித் தொங்கவிட்டிருந்ததை 1830இல் வில்லியம்ஸ் பார்த்திருக்கிறார். அதில் ஒன்றை அவருக்குக் கொடுத்தும் அனுப்பினார்கள்.

மின்னல்கொடி:

நீங்கள் சொன்ன தகவல்களை ஏற்கிறேன். ஆனால் எந்தச் சூழலில் அந்த முடிவுகளை எடுத்தார்கள்? பழைய ஏடு ஐயா சொன்ன கொள்ளைநோயை மறந்துவிடாதீர்கள். கப்பல்கள் கொண்டுவந்த நோயில் பாதி ஊர் சாகிறது. கும்பிட்ட தெய்வம் காக்கவில்லை. வந்தவன் சாகவில்லை. அவனிடம் துப்பாக்கி இருக்கிறது. அந்த நிலையில் ஒரு தலைவன் தன் தெய்வத்தைக் கைவிட்டான் என்றால், அதைத் தானாக எடுத்த முடிவு என்று என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

பழைய ஏடு:

நீ சொல்வது நியாயம் அம்மா. பதவிப் போட்டியும் அதில் உண்டு. ஒரு தலைவனின் தெய்வம் வீழ்ந்தால் அந்தத் தெய்வத்தை வைத்து ஆட்சி செய்த எதிரியும் வீழ்வான். கொள்ளைநோய், துப்பாக்கி, பதவி மூன்றும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. தனித்தனியாகப் பிரிக்க எனக்கும் வழி தெரியவில்லை.

அமுதா (ஆக்லாந்து):

வணக்கம், தாமதமாக வருகிறேன். நான் இங்கே 14 வருஷமாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் எரிந்து போனதைப் பேசுகிறீர்கள். எரியாமல் நிற்பதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேனே.

வேலை விஷயமாக ஒருமுறை, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மராயே ஒன்றுக்கு, அதாவது அவர்கள் கூடும் புனித வளாகத்துக்குப் போனோம். வாசலில் நின்றுகொண்டோம், நாமாக உள்ளே போகக்கூடாது. உள்ளிருந்து ஒரு பெண் நீண்ட குரலெடுத்து அழைத்தார். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் பதில் குரல் கொடுத்தார். மெல்ல நடந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. நான்கு பக்கமும் ஆளுயரச் செதுக்குருவங்கள், கண்ணில் நீலப்பச்சைச் சிப்பி பளபளக்க. அந்த வீடே ஒரு மூதாதையின் உடல். முகட்டு விட்டம் முதுகெலும்பு. சாய்வு விட்டங்கள் விலா எலும்புகள். முன்முகப்பில் இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் பலகைகள் விரித்த கைகள். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு தூணைக் காட்டி, இவர் என் பாட்டனுக்குப் பாட்டன் என்றார். சிலை என்று சொல்லவில்லை, 'இவர்' என்றார்.

செதுக்குகிறவரை இங்கே 'தொஹுங்க வாக்கைரோ' என்பார்கள். தொஹுங்க என்றால் தன் கலையில் தேர்ந்தவர், சடங்கு அறிந்தவர். இதே சொல்தான் ஹவாயில் கஹுனா, தஹீத்தியில் தஹுஅ, சமோவாவில் துஃபுங்கா. தச்சரையும் பூசாரியையும் ஒரே சொல்லால் அழைத்த மக்கள். செதுக்கும்போது விழும் சிராய்களை வாயால் ஊதித் தள்ளக்கூடாது, அடுப்பெரிக்கக்கூடாது. வேலை நடக்கும்வரை மரமும் ஆளும் 'தப்பு' நிலையில் இருப்பார்கள், அதாவது தீண்டக்கூடாத புனிதத்தில். (ஒலி ஒன்றாக இருக்கிறது என்று நம் 'தப்பு'வோடு முடிச்சுப் போட வேண்டாம். இரண்டுக்கும் உறவில்லை.)

மரம் வெட்டவும் அனுமதி வேண்டும். ராத்தாவின் கதை பாலினீசியா முழுக்க உண்டு. ராத்தா படகு செய்ய ஒரு பெரிய மரத்தை எதுவும் கேட்காமல் வெட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறான். மறுநாள் வந்தால் மரம் நின்றுகொண்டிருக்கிறது! திரும்ப வெட்டுகிறான், திரும்ப நிற்கிறது. மறைந்திருந்து பார்க்கிறான். காட்டுக் கடவுள் தானேயின் பறவைகளும் பூச்சிகளும் கூட்டமாக வந்து, ஒவ்வொரு சிராயாகப் பொறுக்கி எடுத்து அதனதன் இடத்தில் ஒட்டி மரத்தை நிமிர்த்துகின்றன. அவன் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டதும் அவையே அவனுக்குப் படகைச் செய்து கொடுத்தன.

அப்புறம், இங்கே ரோட்டோருவாவில் மாவோரித் தலைவர் அப்பிரானா ங்காட்டா 1927இல் தொடங்கிய செதுக்குப் பள்ளியால்தான் இந்தக் கை அறுந்து போகாமல் வந்தது. இன்றைக்கும் ரோட்டோருவாவில் போய் நின்று பார்க்கலாம். மற்ற பல தீவுகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

உளிச்சத்தம்:

அக்கா, சிராயை ஊதக்கூடாது என்பதைப் படித்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். நாங்கள் நாள் முழுக்க ஊதிக்கொண்டேதான் இருப்போம்.

வெண்பா:

அமுதா அக்கா, அந்தப் பெரியவர் 'இவர்' என்று சொன்னதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பழைய ஏடு ஐயா, காலிப் பேழை என்று சொன்னது என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் கட்சியை முழுசாக விடமாட்டேன். ஹவாயின் கூ உருவத்தைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள்.

கூ போர்க்கடவுள். பெரிய கோயில் உருவங்களில் இந்த வகையில் மூன்றுதான் தப்பின. ஒன்று ஹொனொலூலுவில், ஒன்று அமெரிக்காவின் சேலம் நகரில், ஒன்று லண்டனில். லண்டனில் இருப்பது 2.67 மீட்டர் உயரம், ஈரப்பலா மரம். அதன் வாயைப் பாருங்கள். எட்டு என்ற எண்ணைப் படுக்கப் போட்டது போல இரண்டு பக்கமும் அகன்று, பல்லைக் காட்டி, எதிரே நிற்பவனை அவமதிக்கும் வாய். முழங்கால் மடிந்து, தொடை புடைத்து, பாயப் போகிற நிலை. அப்புறம் அந்த உடம்பு. வழவழப்பாக இழைக்கவில்லை. வாய்ச்சி வெட்டிய ஒவ்வொரு தடமும் சின்னச் சின்னத் தட்டையாக அப்படியே இருக்கிறது. வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் தசை துடிப்பது போலத் தெரியும். செதுக்கியவருக்கு வழவழப்பாக்கத் தெரியாமலா? தெரிந்தே விட்டிருக்கிறார். இங்கே எந்தத் துணியும் இல்லாமலே மரம் பேசுகிறது.

இதற்கு நேர் எதிர் நுகுவோரோ. மேற்குப் பசிபிக்கின் மைக்ரோனீசியத் தீவுகளுக்கு நடுவில் இருக்கும் பாலினீசியத் தீவு. அங்கே தெய்வ உருவங்களுக்குக் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. முட்டை போலத் தலை, சரிந்த தோள், ஒரு கோட்டில் மார்பு. ஆக்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கும் 'கவே' என்ற பெண் தெய்வம் 2 மீட்டருக்கும் மேலே. எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று தெரிந்த கை அது.

அமுதா (ஆக்லாந்து):

கவேயை நான் பார்த்திருக்கிறேன் வெண்பா. முகமே இல்லாத அவர் நம்மைப் பார்க்கிற மாதிரிதான் இருக்கும். பக்கத்தில் குழந்தைகள்கூடச் சத்தம் போடாமல் கடந்து போவார்கள்.

ஆனால் ஒரு தகவல். நுகுவோரோவிலும் அந்த உருவங்களை விழா நாளில் பூவும் பாயும் சார்த்தி அலங்கரித்தார்கள். நீ பார்க்கும் வெறுமை அவர்கள் விழாவில் பார்த்த வெறுமை இல்லை.

கடற்காகம் (லண்டன்):

அமுதா அக்கா சொன்ன இடத்திலேயே நான் நிற்கிறேன். வெண்பா, கூவின் வாய்ச்சித் தடம் பற்றி நீங்கள் எழுதியது என் கண்ணைத் திறந்தது. நாளைக்கே போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் தஹீத்தியின் 'தோஓ'வைக் கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள்.

ஓரோ என்ற பெரும் தெய்வத்தின் உருவம் அது. உள்ளே ஒரு மரத்துண்டு. சில சமயம் செதுக்கவே இல்லை, வெறும் தடி. அதைச் சுற்றித் தென்னை நார்க் கயிற்றை நெருக்கமாகப் பின்னியிருப்பார்கள். கண், மூக்கு, கை இருக்கும் இடத்தில் மட்டும் கயிற்றிலேயே லேசாக ஒரு மேடு. அவ்வளவுதான். அதிகம் மதிக்கப்பட்ட தெய்வத்துக்குத்தான் ஆக எளிய மரம்! மனித உடலைத் திருத்தமாகச் செதுக்கிய 'தீஇ' உருவங்கள் அங்கே சிறு ஆவிகளுக்கு, சூனியக்காரர்களுக்கு. எவ்வளவு உயர்ந்த தெய்வமோ அவ்வளவுக்கு உருவம் குறைந்து கட்டு கூடுகிறது.

'பாஇஅதுஅ' என்று ஒரு சடங்கு. பல ஊர்த் தலைவர்கள் தங்கள் தோஓக்களை மராயேக்குக் கொண்டுவருவார்கள். பூசாரிகள் அவிழ்ப்பார்கள். சாதாரண மக்கள் பக்கத்திலேயே வரக்கூடாது. சிறு தெய்வங்களின் ஆட்கள் புதுச் சிவப்பு இறகுகளை ஓரோவுக்குக் கொடுப்பார்கள். ஓரோ உடம்பில் இருந்த பழைய இறகுகளை வாங்கித் தங்கள் தெய்வத்துக்குக் கட்டிக்கொள்வார்கள். இறகு வழியாக மனா, அதாவது தெய்வ ஆற்றல் இறங்குகிறது. அப்புறம் எல்லாவற்றையும் திரும்பச் சுற்றி வைத்துவிடுவார்கள்.

ரரோட்டோங்கா சுருளிலும் இதே எண்ணம்தான். நடு மரத்தைச் செதுக்கியது ஆண்கள். மரவுரியை, முசுக்கொட்டை இனத்து மரத்தின் உள்பட்டையை ஊறவைத்து நாள்கணக்கில் அடித்து விரித்தது பெண்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கடவுள். நாம் புத்தகத்தில் மரத்தை மட்டும் படம் போட்டு ஆண்கள் செய்த பாதியை மட்டும் கொண்டாடுகிறோம். இதுதான் என்னை உறுத்துகிறது.

வெண்பா:

பெண்கள் செய்த பாதி. இதை நான் யோசிக்கவே இல்லை அண்ணா. எங்கள் பாடத்தில் மரவுரி 'துணிக்கலை' என்று வேறு தாளில் வருகிறது. என் ஆண்டுக் கட்டுரைக்கு வேறு தலைப்பு வைத்திருந்தேன், மாற்றுகிறேன்.

மின்னல்கொடி:

சரி, இப்போது இவை எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பேசலாமா? லண்டன் கண்ணாடிப் பெட்டியிலேயேவா?

அமுதா (ஆக்லாந்து):

கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது மின்னல்கொடி. 2010இல் மூன்று கூ உருவங்களையும் ஹொனொலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் ஒன்றாக நிறுத்தினார்கள். பிறகு இரண்டும் திரும்பிப் போய்விட்டன. 2023இல் தஹீத்தி அருங்காட்சியகம் புதுப்பித்துத் திறந்தபோது லண்டன் ஆஆவை அங்கே கடனாக அனுப்பியது. ஏறக்குறைய 200 வருஷம் கழித்து அந்தக் கடலைக் கண்டது. கடன் என்ற சொல் எனக்கும் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கடன் காலத்தில் ரூருத்துக்காரர்கள் தங்கள் ஆஆவைப் பார்க்க லண்டனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

பொருள் இடம் மாறினால் வேலையும் மாறிவிடுகிறது. இங்கே வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணி இருக்கிறது, பலருக்குத் தெரிந்திருக்கும். 1830களில் பாதிரியார் கொலென்சோ அதைக் கண்டபோது மாவோரிக் குடும்பம் அதை அடுப்பில் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்ததாம். அந்த மணியின் முன்னால் நின்றபோது, இதை வார்த்தவன் எந்த ஊரோ என்று எனக்குத் தொண்டை அடைத்தது. ரூருத்துக்காரருக்கு ஆஆவின் முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது கொஞ்சம் புரிந்தது.

பழைய ஏடு:

ராப்பா நூயியை, அதாவது ஈஸ்டர் தீவை விட்டுவிட்டோமே. ஈஸ்டர் தீவின் கல் முகங்களை எல்லோருக்கும் தெரியும். அங்கே மரத்திலும் செய்தார்கள்: விலா எலும்பு துருத்திக்கொண்டு, வயிறு ஒட்டி, கன்னம் குழிந்த 'மொஆய் கவகவா'. அதற்கு உகந்த மரம் தொரொமிரோ. அந்த மரமே அந்தத் தீவின் காட்டில் 1960 வாக்கில் அழிந்துவிட்டது. எடுத்துச் சென்ற விதைகளிலிருந்து வெளிநாட்டுத் தாவரத் தோட்டங்களில் முளைத்த கன்றுகள்தான் இன்று அதன் வம்சம். உருவம் அருங்காட்சியகத்தில், மரம் தாவரத் தோட்டத்தில்.

உளிச்சத்தம்:

எல்லோரும் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ராத்தா கதையை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் ஆள் இல்லை. சாரத்துக்குப் போட்டிருந்த காய்ந்த சவுக்கில் முழ நீளம் அறுத்து, ரரோட்டோங்கா தலையைச் செதுக்கிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இரும்பு வாய்ச்சிதான், கல் இல்லை. இரண்டு மணி நேரத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி மட்டும் விழுந்தது. மூன்றாவது மணியில் உச்சியிலிருந்து பாதி வரைக்கும் வெடித்துவிட்டது. வாய்ச்சியை இரண்டு தடவை தீட்ட வேண்டியிருந்தது.

அப்பா வந்து பார்த்தார். "காய்ந்த கட்டையில் எவன்டா செய்வான்? பச்சையில் வெட்டி, வேலை முடியும்வரை ஈரச் சாக்கைச் சுற்றி வைத்திருப்பான். நிழலிலேயே காய விட்டிருப்பான்" என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தப் பட்டையைச் சுற்றி வைத்தார்கள் என்றாயே, அது மரம் வெடிக்காமலும் காத்திருக்கும்" என்றார்.

சாமிக்காகச் சுற்றினார்களா மரத்துக்காகச் சுற்றினார்களா என்றெல்லாம் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. கடற்காகம் அண்ணாவும் வெண்பாவும்தான் சொல்ல வேண்டும். தரங்கம்பாடி பக்கம் சித்தப்பா தோப்பில் அடுத்த வாரம் வெட்டு இருக்கிறது. பச்சைக் கட்டை ஒன்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை சிராயை ஊதமாட்டேன்.

கடற்காகம் (லண்டன்):

தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சுருளின் பயனை இந்தப் பக்கத்திலிருந்து நான் யோசித்ததே இல்லை. முதல் வெட்டிலிருந்து படம் எடுத்துப் போடுங்கள், காத்திருக்கிறேன். வெடித்த கட்டையையும் எறிந்துவிட வேண்டாம்.